பொட்டு நிற்காத தகடு

கொணவட்டத்தில் காலை எட்டரை.
டிப்பர் தொட்டிக்குள் இறங்கி நின்றால்
செருப்பு இளகுகிற வாசனை.

சம்பங்கி பின்கதவை அவிழ்த்துக் காட்டினான்.
மூலைகளில் போன வாரத்து ஏரி.
அதற்கு அடியில் முந்தின வாரத்து ஏரி,
பாளம் பாளமாக வெடித்து.
வண்டியா, கரையான் புற்றா என்றேன்.
‘இன்னா பண்றது பாய்,
தூக்கினா பாதிதான் வுழுது.
மீதிய நாந்தான் ஏறி
கடப்பாரையால பேத்து எடுக்கறேன்.’

குமுதவல்லி எடைச்சீட்டுகளை
நூலில் கோத்து வைத்திருந்தாள்.
காலி வண்டியின் எடை
தை மாதம் ஒன்று, வைகாசியில் ஒன்று.
நடுவில் அறுநூற்றுப் பத்து கிலோ.
‘நாளைக்கு ஏழு நடை.
இந்த அறுநூறு கிலோவும் ஏழு நடை.
சூளையைப் பாத்துட்டு ஏரிக்கே திரும்புது,
டிக்கெட் எடுக்காத ஆள் மாரி.
டீசல் யாருது?’

கறுப்புத் தகடு, அரை அங்குலக் கனம்.
பிளாஸ்டிக்தான். ஆனால் தடவினால்
விரல் எங்கே நிற்கிறதென்று
விரலுக்கே தெரியாது.
வாள் வைத்தால்
தேங்காய்த் துருவல் மாதிரி விழும், கறுப்பாக.
இம்தியாஸ் தும்மினான், திட்டினான், அறுத்தான்.

தரையிலிருந்து பக்கச் சுவருக்கு
மூலையே இல்லாமல் வளைத்து ஏற்ற வேண்டும்.
மூலைதான் மண்ணுக்கு வாடகை வீடு.
கேபின் பக்கம் மட்டும் இறுக்கு.
மற்ற ஓட்டைகளை நீட்டமாக வெட்டு.
வால் பக்கம் இரண்டு விரல் இடம் விடு.
இதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை,
பள்ளிகொண்டா வண்டி ஒன்று சொன்னது:
நாலு பக்கமும் முறுக்கி அனுப்பினேன்,
கத்திரியில் அப்பளமாக எழும்பி
கதவை மூட விடாமல் திரும்பி வந்தது.
வேலூர் வெயிலோடு
போல்ட்டு போட்டு வாதாட முடியாது.

அடியில் படுத்தபோதுதான் பார்த்தேன்.
தொட்டி தூக்கும் கீல்,
இடது பின்.
தேய்ந்ததில்லை அது. வளைந்தது.
ஒரு பக்கத்து மண் ஒட்டிக்கொள்ள
மறு பக்கம் காலியாக,
உயரத்தில் நின்ற தொட்டி
சாய யோசித்திருக்கிறது.
யோசித்து, எப்படியோ, வேண்டாமென்று
இறங்கியிருக்கிறது.

படுத்தபடியே சம்பங்கியைப் பார்த்தேன்.
அவன் டீ கிளாசுக்குள் பார்த்தான்.
கிளாஸ் காலி.

மூன்றாம் நாள் மதியம் முடிந்தது.
ஒரு லோடு ஈரக் களிமண்
பட்டறைக்குப் பின்னால் கொட்டிப் பார்த்தோம்.
வழக்கம்போல் பக்கத்தில் தட்ட
சம்பங்கி கட்டையை ஓங்கினான்.
ஓங்கின கை ஓங்கினபடி.
தொட்டி பாதி உயரம்கூடப் போகவில்லை,
மொத்தமும் ஒரே பேச்சாக இறங்கிவிட்டது.
கட்டையை என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

குமுதவல்லி பில்லை வரி வரியாகப் படித்தாள்.
தகடு. போல்ட்டு நூற்றிருபது. வாஷர். கூலி.
‘பின் ஒண்ணுன்னு போட்டுக்கீறியே பாய், இன்னாத்துக்கு?’
‘பழசாயிருந்துச்சும்மா.’
சரி என்றாள். எண்ணிக் கொடுத்தாள்,
ஆயிரத்து நூறு பாக்கி வைத்து.

கிளம்புமுன் எலுமிச்சை, சூடம், குங்குமம்.
தொட்டிக்குள் பொட்டு வைக்கப் பார்த்தாள்.
குழைத்த சந்தனம் வழுக்கி வந்தது.
இன்னொரு தரம் வைத்தாள், அதுவும்.
‘மண்ணே நிக்காத எடத்துல
பொட்டு எங்கக்கா நிக்கும்’
இம்தியாஸ் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை.
சேலையைச் செருகிக்கொண்டு
வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள்.
புதுப் பின் எதுவென்று
நான் காட்டவில்லை.
கிரீசை விரலால் வழித்துவிட்டு
அதன் தலையில்
கட்டைவிரல் பதிய
அழுத்தி வைத்தாள்.